நின்றுபோன புல்லட்டை நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவது

பழைய வண்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதலில் பெயிண்டரைத் தேடிப் போகிறார்கள். டேங்குக்குக் கருப்பு, அதன்மேல் தங்கக் கோடு, சைலன்சருக்குப் புது குரோம், சீட்டுக்குப் புது உறை. கையில் இருக்கும் பணம் அதிலேயே கரைந்துவிடும். வண்டி பார்க்க மணமகன் மாதிரி நிற்கும். ஆனால் ஊர் எல்லையைத் தாண்ட யாருக்கும் தைரியம் வராது.

நான் 1993 மாடல் ஸ்டாண்டர்ட் புல்லட் 350 வாங்கியபோது எனக்கு இருந்த ஆசை வேறு. திருச்சியில் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதுரைக்கு வழியில் எங்கும் நிற்காமல் போய்ச் சேர வேண்டும். திரும்பவும் வர வேண்டும். பெயிண்ட் உரிந்திருந்தால் உரிந்திருக்கட்டும். இந்தப் பதிவு முழுக்க அந்த ஓர் ஆசையைப் பற்றியதுதான்: நின்றுபோன ஒரு பழைய வண்டியை நம்பி ஓட்டக்கூடிய வண்டியாக மாற்ற எதை முதலில் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது.

புல்லட் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் இங்கே அதே வண்டி பல பத்தாண்டுகள் தயாராகிக்கொண்டே இருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர். என் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நாலு கியர். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர் மட்டும்தான். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி, கிளட்ச் கேஸ் தனி. மூன்றுக்கும் எண்ணெய் தனித்தனி. இந்தப் பிரிவு முக்கியம். பின்னால் வருகிறேன்.

வண்டி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் குடோனில் தார்ப்பாய் போட்டு நின்றது. பல வருஷமாக யாரும் எடுக்கவில்லை. விற்றவர் நல்ல மனுஷர். "ஒண்ணும் இல்ல தம்பி, பெட்ரோல் ஊத்தி நாலு உதை உதைச்சா எடுத்துரும்" என்றார். அநேகமாக எடுத்திருக்கும். ஆனால் நெடுநாள் நின்ற புல்லட்டை அப்படி உதைக்கவே கூடாது.

காரணம் எண்ணெய் ஓடும் விதம். இந்த இன்ஜினில் எண்ணெய் கிராங்க் சுற்றும் அறைக்குப் பக்கத்திலேயே ஒரு தனி அறையில் நிற்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்து உள்ளே அனுப்பும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் திரும்ப இழுத்து அறைக்குள் கொட்டும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், தேய்ந்த பம்ப் வழியாக எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் போய்த் தேங்கிவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே தெரியாத அளவுக்குப் புகை வரும். புகையாவது பரவாயில்லை. தேங்கிய எண்ணெயோடு அடியில் தங்கிய தண்ணீரும் சேறும் அப்படியே பேரிங்குக்குள் போகும், அதுதான் ஆபத்து.

அதனால் முதல் நாள் நான் செய்தது இவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். ராத்திரி முழுக்க ஊற விட்டேன். மறுநாள் காலை டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினேன். பிஸ்டன் நகர்ந்தது. ரிங் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்; அப்போது காலால் மிதித்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். நகர்ந்த பிறகுதான் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டுகளைத் திறந்தேன். வந்தது சாம்பல் நிறத்தில், மோர் மாதிரி. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. ஃபில்டரைக் கழற்றினால் அடிப்பக்கம் முழுக்கக் கசடு.

இங்கே பாய் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். பாலக்கரைப் பக்கம் புல்லட் மட்டுமே பார்க்கும் பெரியவர் அவர். "தம்பி, புது ஆயில் ஊத்தினா மட்டும் போதாது. அது மேல ஏறுதான்னு கண்ணால பாக்கணும். பாக்காம ஸ்டார்ட் பண்ணாதீங்க." அதன்படி 20டபிள்யூ50 ஊற்றி, பிளக்கைப் போடாமலே கிக்கரைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருந்தேன். ஹெட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் மேல் முனையில் ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டால் எண்ணெய் அங்கே கசிந்து வரும். கால் வலித்துப்போகும் நேரத்தில் வந்தது. அந்தத் துளி எண்ணெயைப் பார்க்காமல் எந்தப் பழைய புல்லட்டையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இன்னொன்று. டைமிங் கவருக்குள் குயில் போல்ட் என்று ஒன்று உண்டு. பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் அது வழியாகத்தான் போகிறது. கவரை யாராவது திறந்து மூடும்போது அதன் கார்க் சீலைச் சரியாக வைக்காவிட்டால், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது; உள்ளேயே எண்ணெய் வழிதவறிவிடும். வண்டி ஓடும், சத்தமும் வராது, ஒருநாள் பிக் எண்ட் போய்விடும். முன்பு யாரோ கவரைத் திறந்திருக்கிறார்கள் என்று பேக்கிங்கில் பூசியிருந்த பசை காட்டிக்கொடுத்தது. அதனால் நாங்களும் திறந்து, சீலை மாற்றி மூடினோம். சில ரூபாய் பொருள். ஆனால் இந்த வண்டியில் நான் மாற்றிய பொருட்களிலேயே இதுதான் மதிப்பு மிக்கது என்று நினைக்கிறேன்.

அடுத்தது பெட்ரோல். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் கரை மாதிரி துரு. ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. வேகமாக வேலை முடியும், தகடும் சேர்ந்தே மெலியும். நான் எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து நிரப்பி, கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஓர் இரவு வைத்தேன். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் அலசி, காய வைத்து, துரு மறுபடி பிடிக்கும் முன்பே உள்ளே எண்ணெய் சுழற்றினேன். பெட்ரோல் டேப்பின் வலை ஓட்டையாக இருந்ததால் புது டேப். ரப்பர் குழாய் புதிது. அதன் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர்.

குழாயை மாற்றியதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. இன்று பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. 1993இல் செய்த ரப்பர் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்தோ இறுகவைத்தோ கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் நாள்பட நின்றால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். எத்தனால் எரிய அதிகக் காற்று தேவையில்லை என்பதால், பழைய ஜெட் அமைப்பில் கலவை கொஞ்சம் மெலிந்தும் போகிறது. இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, பழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துகிறேன். பிளக் வெளுத்துத் தெரிந்ததால் ஊசியின் கிளிப்பை ஒரு காடி இறக்கினேன். அப்படிச் செய்தால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும்.

கார்பரேட்டர் மிகார்ப். கழற்றிப் பார்த்தால் பைலட் ஜெட் பச்சை பிடித்து அடைத்திருந்தது. ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். ஓட்டை மயிரிழை பெரிதானாலும் ஜெட்டின் அளவே மாறிவிடும். பிறகு ஐடிலிங் எப்போதும் சரிவராது. கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தாலே போகும். போகாவிட்டால் புது ஜெட். ஸ்லைடை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் காற்று புகும். கார்பரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் காற்று கசிந்தாலும் இதே கதைதான். இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் துளி எண்ணெய் தடவினால் ஓட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது நெருப்பு. பழைய புல்லட் வழியில் நின்றது என்று நான் கேட்ட கதைகளில் மிகப் பெரும்பாலானவை பாயிண்டும் கண்டென்சரும் சம்பந்தப்பட்டவை. அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம்.

பாயிண்ட் என்பது ஒரு சின்ன சுவிட்ச். அது மூடியிருக்கும்போது காயிலுக்குள் மின்சாரம் பாயும். திறக்கும் நொடியில் பிளக்கில் நெருப்பு விழும். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என் வண்டியில் ஒரு காலத்தில் அது அதைவிட மிகக் குறைந்திருக்கிறது. பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறையக் குறைய நெருப்பு விழும் நேரமும் தள்ளிப்போகும். முன்பு வைத்திருந்தவர் அதைக் கவனிக்காமல், இழுவை குறைகிறது என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னே வைத்திருக்கிறார். பிறகு யாரோ ஒரு மெக்கானிக் பாயிண்டைச் சரிசெய்திருக்கிறார், டைமிங்கைத் தொடவில்லை. விளைவு, கிக்கர் திருப்பி அடிக்கும் வண்டி. கணுக்காலுக்கு ஆபத்தான வண்டி.

பழைய வண்டிகளைப் பற்றி நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் இது. வயதால் கெட்டது கொஞ்சம்தான். ஒரு கோளாறை மறைக்க இன்னொன்றைத் திருகி, அதை மறைக்க வேறொன்றைத் திருகிய கைகளால் கெட்டதுதான் அதிகம். ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவது. அதற்கு முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வரிசையும் அதேபோல் முக்கியம். முதலில் பாயிண்ட் இடைவெளி, அதன் பிறகு டைமிங். தலைகீழாகச் செய்தால் செய்த வேலை வீண். அட்வான்ஸ் யூனிட் முழுதாகப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாய் இதை சிகரெட் தாளை வைத்துப் பார்க்கிறார். பாயிண்டுக்கு இடையில் தாளைச் செருகி, மெல்ல இழுத்துக்கொண்டே இன்ஜினைச் சுற்றுவார். தாள் எப்போது நழுவுகிறதோ அப்போது பாயிண்ட் திறக்கிறது. நான் ஒரு சின்ன பல்பை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

கண்டென்சர் கெட்டிருந்தால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு: காலையில் ஒரே உதையில் எடுக்கும், சூடானதும் இருமும், நிற்கும், ஆறியதும் மறுபடி எடுக்கும். பாயிண்டின் முகம் கருகியிருக்கும். காயில் கெட்டாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் விலை குறைந்ததை முதலில் மாற்றிப் பாருங்கள். இப்போது பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறார்கள். போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு பாயிண்ட் போதும். அது கெடுவதற்கு முன்பே சொல்லும். உப்புத்தாளும் திருப்புளியும் இருந்தால் ரோட்டோரத்திலேயே சரிசெய்யலாம்.

கிக்கர் உதைக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் புல்லட்டை உதைக்க பலம் வேண்டும் என்று இன்னும் நம்புகிறார்கள். சாவியைப் போட்டதும் ஹெட்லைட் கூண்டில் இருக்கும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும். இன்னும் அழுத்தினால் கிக்கர் இறுகும், முள் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் இப்போது உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் துளி அழுத்தி உச்சியைத் தாண்ட வையுங்கள். லீவரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிட்டு, நிதானமாக ஒரே முழு மிதி. டைமிங்கும் பைலட் ஜெட்டும் சரியாக இருக்கும் புல்லட்டை ஐம்பது கிலோ எடை உள்ள பெண்ணும் எடுக்கலாம். என் மனைவி எடுக்கிறாள். வண்டியை நிறுத்திய பின் சாவியை அணைக்க மறக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

வண்டி எடுத்தது. முதல் சில நிமிடம் புகை, பிறகு தெளிந்துவிட்டது.

புகையைப் படிக்கத் தெரிந்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கி, மறுபடி முறுக்கும் அந்த நொடியில் மட்டும் வந்தால் வால்வு கைடைச் சந்தேகப்படலாம். கருப்புப் புகை பெட்ரோல் கூடுதல். பிளக்கையும் கூடவே பாருங்கள்: பழுப்பு நிறம் நல்லது, காய்ந்த கரி என்றால் கலவை கெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே எண்ணெய் வருகிறது, சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெலிந்த கலவை, உடனே கவனிக்க வேண்டும்.

என் வண்டிக்குப் புகை நின்றுவிட்டது. கிக்கர் மேல் முழு எடையோடு நின்றால் உடனே இறங்கிவிடாமல் சில நொடி தாங்குகிறது. அப்படியும் நான்கு பேர் சொன்னார்கள், "இவ்வளவு பழசு, ஒரு தடவை போர் போட்டு புது பிஸ்டன் போட்டுருங்க." பாயிடம் கேட்டேன். "புகை இல்ல, கம்ப்ரஷன் இருக்கு, சத்தம் இல்ல. எதுக்குத் தம்பி திறக்கணும்? போர் ஒவ்வொரு தடவை போட்டாலும் அந்த சிலிண்டருக்கு ஒரு ஆயுசு குறையும்." சரியான பேச்சு. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன் வருகிறது. அதற்கு மேல் ஸ்லீவ்தான். கம்பெனியில் ஊற்றிய வார்ப்பிரும்பு சிலிண்டர் தேறியிருக்கும்வரை அதைக் காப்பாற்றுவதுதான் அறிவு. திறக்காமல் விட்டோம். இன்றுவரை அந்த முடிவில் எனக்குத் துளி வருத்தம் இல்லை.

டேப்பட் வேலை எளிது, ஆனால் ஆறிய இன்ஜினில்தான் செய்ய வேண்டும். வலப்பக்கச் சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடும் தெரியும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது ராடை விரலால் உருட்டினால் தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை. டேப்பட் சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்குகிறவர்கள் உண்டு. இறுகிய டேப்பட் வால்வை முழுதாக மூட விடாது, வால்வு கருகும். கொஞ்சம் சத்தம் கேட்கட்டும்.

எண்ணெய் ஒழுகாத புல்லட்டே இல்லை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிராங்க் கேஸிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அது காய்ந்து இறுகிப்போனால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் எந்தப் பேக்கிங் பலவீனமோ அது வழியாக வரும். பேக்கிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒழுகல் நிற்காது. ரப்பரை மாற்றினால் பாதி நின்றுவிடும். மீதி, மரை சரியில்லாத போல்ட்டும் நெளிந்த கவரும். கவரைக் கண்ணாடியின் மேல் உப்புத்தாள் விரித்து அதன்மேல் தேய்த்துச் சமப்படுத்தினோம். இப்போது வண்டி நிற்கும் இடத்தில் தரை சுத்தம்.

மரை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கால புல்லட்டுகளில் அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்தே இருக்கும். எல்லாவற்றையும் மில்லி பானாவால் திருகினால் நட்டின் முனை மழுங்கும். என் வண்டியில் ஏற்கெனவே பல நட்டுகள் உருண்டையாகியிருந்தன. அங்குல அளவுப் பானா ஒரு செட் வாங்கிவிடுங்கள். முதல் செலவே அதுவாக இருந்தால் நல்லது. போல்ட் கிடைக்கவில்லை என்று வேறு மரைப் போல்ட்டை அலுமினியக் கேஸுக்குள் பலவந்தமாக ஏற்றினால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இன்ஜினைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், ஆனால் வண்டியை ரோட்டில் இறக்கும் முன் முடித்தது பிரேக்கும் டயரும். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயால் ஊதவே ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஷூ புதிது, கேபிள் புதிது, கேம் தண்டுக்குக் குன்றிமணி அளவு கிரீஸ். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் கொண்ட ஒரு குறி இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2309 என்றால் 2009ஆம் வருஷம் இருபத்துமூன்றாவது வாரம். என் டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, வயதைப் பார்த்தால் ரப்பர் கட்டையாகியிருந்தது. இரண்டையும் டியூபோடு மாற்றினேன். முன் ஃபோர்க் ஆயில் சீல், ஹேண்டில் கோன்செட், சக்கர பேரிங் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன.

கிளட்ச் கேஸில் எண்ணெய் அளவு பார்க்க ஒரு ஸ்குரூ இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸுக்குள் இன்ஜின் எண்ணெய் தானாகப் போகாது. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதையே மறந்துபோன வண்டிகள் ஏராளம்.

வயரிங்கில் ஒரு முழு ஞாயிறு போனது. ஹெட்லைட் கூண்டுக்குள் வெவ்வேறு காலத்து டேப் சுற்றிய முறுக்கல்கள். முறுக்கி ஒட்டிய இணைப்பு எல்லாவற்றையும் வெட்டி, சாலிடர் வைத்து உறை போட்டேன். எர்த் வயர்கள் ஃபிரேமில் சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று உலோகம் தெரிய இறுக்கினேன். பேட்டரிக்கு இரண்டு சோதனை போதும்: வண்டி நிற்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், நடுத்தர வேகத்தில் இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, ரெக்டிஃபயரையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும்.

ஸ்பேர் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எல்லாம் கிடைக்கும், நல்லதும் கிடைக்கும், மோசமானதும் கிடைக்கும். டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள். புது பாயிண்டின் இரண்டு முகமும் நேருக்கு நேர் பொருந்துகிறதா, கேபிளின் நிப்பிள் ஆடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய பொருள் நல்ல நிலையில் இருந்தால், கழற்றித் துடைத்து அதையே போடுவது பல நேரம் மேல். கழற்றியதை உடனே தூக்கிப் போடாதீர்கள். புதிது பொருந்தாவிட்டால் பழையதுதான் கைகொடுக்கும்.

ஓட்டத் தொடங்கிய பிறகுதான் நம்பிக்கை வருகிறது. முதலில் ஊருக்குள், அப்புறம் ஸ்ரீரங்கம், அப்புறம் புதுக்கோட்டை என்று தூரத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நோட்டில் எழுதினேன்: எந்த நட்டு தளர்ந்தது, எண்ணெய் எவ்வளவு குறைந்தது, பிளக் எந்த நிறம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஜெட்டையும் டைமிங்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது. 500 கிலோமீட்டரில் எண்ணெயை மறுபடி மாற்றினேன். உள்ளே ஒட்டியிருந்த பழைய கசடெல்லாம் புது எண்ணெயில் கரைந்து வந்துவிடும். ஹெட் நட்டுகளை ஆறிய இன்ஜினில் ஒருமுறை இறுக்கிப் பார்த்தோம். புல்லட் நட்டைத் தளர்த்தும் வண்டி, ஆகவே மாதம் ஒருமுறை பானாவோடு சுற்றிவருவது இதற்கான சர்வீஸ்.

பையில் எப்போதும் இருப்பவை: பாயிண்டும் கண்டென்சரும், பிளக், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், செயின் லாக், ஒரு டியூப், ஃபியூஸ். கேபிள்களை வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கேபிளின் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவைக்கலாம். அறுந்தால் முனையை மட்டும் மாற்றிப் போட்டுக் கிளம்பிவிடலாம். வேகம் மணிக்கு 60, 65. இந்த இன்ஜின் அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓடும். புது வண்டிகளோடு நான்குவழிச் சாலையில் போட்டி போட்டால் பிக் எண்டுக்குக் கேடு.

மதுரைக்குப் போய் வந்தேன். இப்போது மாதாமாதம் போகிறேன். வண்டிக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

கடைசியாக, உண்மையில் முதலிலேயே பார்க்க வேண்டிய ஒன்று. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்டிஓவில் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு உயர்ந்தது. தாமதித்தால் மாதக் கணக்கில் அபராதம் சேரும். பெயர் மாற்ற படிவம் 29, 30இல் பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் காலமாகிவிட்டால் வாரிசுச் சான்று தேவைப்படும், அலைச்சல் கூடும். ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு பொருந்துகின்றனவா என்று தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பாருங்கள். பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஒரு புல்லட் தார்ப்பாய்க்குள் நின்றால், காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வாரமே ஆர்சியை எடுத்துத் தேதியைப் பாருங்கள், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெரியவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே காகித வேலையை முடித்துவிடுங்கள். இன்ஜின் காத்திருக்கும், அதற்கு அவசரமில்லை.